ஐந்தெழுத்தா, ஏழெழுத்தா?

விசயதசமி நாளில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' என்று எழுதுவிப்பது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். கணிப்பொறிக்கு ஆணை எழுதக் கற்பவர்க்கும் அத்தகைய அரிச்சுவடி ஒன்று உண்டு. அவர்கள் முதன்முதலில் எழுதும் நிரல், திரையில் இரண்டொரு சொற்களைத் தோன்றச் செய்யும், அவ்வளவே. அது கணக்குப் போடாது, படம் வரையாது, எவருக்கும் ஒரு பயனும் விளைக்காது. 'இதற்கும் ஒரு பாடமா?' என்று கேட்கத் தோன்றும். நானும் அவ்வாறு கேட்டவன்தான். சென்ற கோடை விடுமுறையில், பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியலை எடுத்துக்கொண்ட என் பேத்திக்குத் துணையாக அமர்ந்து அந்தப் பாடத்தைப் படித்த பின்னர், அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

நான் அரசுப் பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்தது 1977ஆம் ஆண்டில். என் மக்கள் தமிழ் நன்றாகப் பேசுவர், தட்டுத்தடுமாறிப் படிப்பர். பேத்தியோ பேசுவதோடு சரி. பள்ளியில் அவள் எழுதுவன ஆங்கிலமும் இந்தியுமே. சங்கத்து அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் உள்ள நிலைதான் இது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் எங்கள் வீட்டில் அதனால் ஓர் இடர் நேர்ந்திருந்தது. இலால்குடியில் வாழும் என் தமக்கையார் எண்பது வயதை நெருங்கியவர். பேத்தி மழலை பேசத் தொடங்கிய நாள் முதல் வாரந்தோறும் அவளோடு தொலைபேசியில் பேசி மகிழ்ந்தவர். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இவள் ஒன்று கேட்க, அவர் வேறொன்று விடை கூறுகிறார். காதில் பொருத்தும் கருவியை, 'ஒரே இரைச்சல்' என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். எழுதி அனுப்பலாமென்றால், இவள் அலைபேசியில் எழுதுவது ஆங்கில எழுத்தில் தமிழ். அவர் படிப்பது தமிழ் எழுத்தில் தமிழ். ஒரே மொழியைப் பேசும் இருவர் ஒருவர்க்கொருவர் ஊமையாகிவிட்டனர்.

இது இங்ஙனமிருக்கப் பாடத்திற்கு வருவோம். முதல் நிரலில் உலகத்திற்கு ஆங்கிலத்தில் வணக்கம் கூறுவது நிரல் கற்பிப்போர் எல்லாரும் கைக்கொண்ட மரபு. 'ஹலோ, வேர்ல்ட்' என்னும் அத்தொடரை இம்மரபுக்கு வழங்கியவர், கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரையன் கெர்னிகன். 1972ஆம் ஆண்டில் 'பி' என்னும் நிரல்மொழிக்கு அவர் எழுதிய பாடக்குறிப்பில் அது காணப்படுகிறது. அங்கே அவர் கையாண்ட கட்டளையில் ஓர் அறைக்கு நான்கு எழுத்துகளுக்கு மேல் கொள்ளா. ஆகவே காற்புள்ளியும் இடைவெளியும் உட்படப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட அத்தொடரை, நந்நான்காக மூன்று துண்டு செய்து, ஒவ்வொன்றாகத் திரைக்கு அனுப்பினார். பின்னர் 1978இல் டென்னிஸ் ரிட்சியும் அவரும் சேர்ந்து 'சி' மொழிக்கு எழுதிய நூலில் முதற்பாடமாக அத்தொடர் மீண்டும் வந்தது. அந்நூல் சென்ற இடமெல்லாம் அவ்வணக்கமும் சென்றது.

இன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் நம் குழந்தைகள் கற்பது பைத்தான் என்னும் மொழி. நெதர்லாந்து நாட்டினரான கைடோ வான் ரோசம் இயற்றி 1991இல் வெளியிட்டது. அதில் இவ்வணக்கத்திற்கு ஒரே வரி போதும். 'பிரிண்ட்' என்னும் சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி, ஒரு பிறைக்குறியைத் திறந்து, இரட்டை மேற்கோளுக்குள் வேண்டிய சொல்லை இட்டு, மேற்கோளையும் பிறையையும் மூடிவிட வேண்டும். 'திரையில் காட்டுவதற்கு அச்சிடு என்று ஏன் சொல்ல வேண்டும், தாத்தா?' என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அம்மரபு தோன்றிய நாளில் கணிப்பொறியின் விடை பெரும்பாலும் திரையில் வரவில்லை. தட்டச்சுப் பொறி போன்ற தொலைதட்டச்சுக் கருவியில், சுருள் தாளில் அடித்து வந்தது. தாள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஒரு வரிதானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது. அவ்வரியில் நான் செய்த பிழைகள் நான்கு. முதலில் 'பிரிண்ட்' என்பதைப் பேரெழுத்தில் தொடங்கினேன். அப்படியொரு பெயரை அறியேன் என்றது பொறி. அடுத்து ஒரு மேற்கோளை மூட மறந்தேன். மூன்றாவதாக, அலைபேசிக்கு வந்த பாடக்குறிப்பிலிருந்து வரியைப் படியெடுத்து ஒட்டினேன். அங்கே மேற்கோள் குறிகள் அழகாக வளைந்திருந்தன. பொறிக்கு வேண்டியவை வளையாத நேர்க்குறிகள். நான்காவது பிழைதான் எனக்குப் பிடித்தது. மேற்கோள்கள் இரண்டையும் விட்டுவிட்டு, பிறைக்குள் வணக்கம் என்று வெறுமனே எழுதினேன். 'வணக்கம் என்னும் பெயருடையது யாதென வரையறுக்கப்படவில்லை' என்று விடை வந்தது. பொறி அதை ஓர் ஆளின் பெயராகவோ பொருளின் பெயராகவோ எண்ணித் தேடியிருக்கிறது. மேற்கோள் இட்டால், 'இதற்குப் பொருள் தேடாதே, இருக்கிறபடியே காட்டு' என்பது ஆணை. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் தொடக்கப்பாடத்தில் பாதி முடிந்தது.

பேத்தி முதலில் எழுதியது ஆங்கில வணக்கத்தையே. அதைத் தமிழில் காட்டச் சொன்னவன் நான். சொல்லிவிட்டேனே ஒழிய, அதன்பின் இருவரும் இரண்டு நாள் அல்லற்பட்டோம். எங்கள் வீட்டு மடிக்கணினி பழையது. அதன் கறுப்புத் திரையில் 'வணக்கம்' என்பதற்கு ஈடாக வரிசையாகச் சிறு கட்டங்கள் தோன்றின. 'தமிழ் இந்தக் கணினிக்குத் தெரியாது போலிருக்கிறது, தாத்தா' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆயினும் அவள் கூற்று பிழை என்பதைப் பின்னர் இருவருமே அறிந்தோம்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாக வைத்துக்கொள்கிறது. அமெரிக்கர் 1963இல் வகுத்த ஆஸ்கி என்னும் அட்டவணையில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ'வுக்கு 65 என்று எண். அதில் நமக்கு இடமில்லை. பின்னாளில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் தத்தமக்குத் தோன்றிய எண்களைக் கொடுத்தனர். ஒருவர் எழுதி அனுப்பியதை மற்றவர் படிக்க வேண்டுமானால், அதே எழுத்துரு அவரிடமும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1999இல் தாம், தாப் என்னும் குறியேற்றங்களை அறிவித்து இக்குழப்பத்தை ஓரளவு குறைத்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி அட்டவணையோ, 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வட்டவணையில் 'வ' என்பதன் எண் 2997. உலகில் எந்தப் பொறியானாலும் எண் அதுவே.

அந்த எண்ணைச் சேமிக்கவும் அனுப்பவும் யூடிஎப்-8 என்றொரு முறை வழங்குகிறது. முன்னே சொன்ன 'பி' மொழியை உருவாக்கிய கென் தாம்சன் என்பவரே, ராப் பைக் என்பவரோடு சேர்ந்து 1992இல் இதனையும் வகுத்தார். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டின் கீழே விரிக்கும் தாளில் எழுதி வகுத்தார் என்பது வரலாறு. நான்கு எழுத்தறைக்காக வணக்கத்தைத் துண்டு செய்த காலத்திலிருந்து இருபதே ஆண்டுகள். இம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் கொள்ளும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும்.

ஆகவே எங்கள் திரையில் கட்டங்கள் தோன்றியபோதும், உள்ளே எண்கள் சரியாகவே இருந்தன. அந்தச் சாளரத்திற்கு அமைந்திருந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை, குறை அவ்வளவே. கட்டம் வந்தால் வடிவம் இல்லை என்று கொள்க. கேள்விக்குறிகள் வந்தால், தமிழுக்கு இடமில்லாத பழைய அட்டவணைக்கு யாரோ மாற்றியதில் எழுத்தே தொலைந்துவிட்டது என்று கொள்க. தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆரு'மாக மாறி மாறி வந்தால், தமிழின் மும்மூன்று பைட்டுகளை ஆங்கில வகை எழுத்துகளாகத் தனித்தனியே படித்துவிட்டது பொறி என்று கொள்க. இதில் எழுத்து கெடவில்லை, படித்த முறைதான் கெட்டது. ஊரிலிருந்து வந்த மின்னஞ்சல்களில் இந்த மூன்றாம் கோலத்தைக் கண்டு மலைத்த அன்பர்கள் பலர் இருப்பர். பேத்தி அதே நிரலை வேறொரு செயலியின் சாளரத்தில் திறந்து ஓட்டினாள். வணக்கம் வந்தது. அதை அவள் படிக்கவில்லை. படம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மறுநாள் ஒரு வாக்குவாதம். 'தாத்தா, வணக்கத்தில் எத்தனை எழுத்து?' என்றாள். விரல் விட்டு எண்ணி, ஐந்து என்றேன். 'கணினி ஏழு என்கிறதே!' நீளத்தைக் கேட்டால் எண்ணிச் சொல்லும் கட்டளையொன்று பைத்தானில் உண்டு, அதனிடம் கேட்டிருக்கிறாள். அறுபது ஆண்டுகளுக்கு முன் இலக்கணம் படித்தவனுக்கும் பொறிக்கும் இடையே வழக்கு. சான்றுக்கு, சொல்லை ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரிக்கு ஒன்றாகக் காட்டும்படி நிரலை மாற்றினாள். வ, ண, க என்று மூன்று வந்தன. நான்காவது வரியில் புள்ளியிட்ட வட்டம் ஒன்றும், அதன் தலையில் ஒரு புள்ளியும்! பிறகு க, ம. இறுதியில் மீண்டும் அந்தப் புள்ளி. ஆக ஏழு.

புள்ளிக்குத் தனி எண் இருக்கிறது, 3021. ஒருங்குறி அட்டவணை 'க' என்னும் அகரம் ஏறிய எழுத்தை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியைச் சேர்த்தால் அகரம் நீங்கும் என்று கொள்கிறது. நம் இலக்கணமோ, புள்ளி பெற்ற மெய்யே அடிப்படை, உயிர் வந்து ஏறினால் உயிர்மெய் என்று கூறும். தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் கொண்ட முறை அது. அட்டவணையில் தமிழுக்கு வகுத்த வரிசையும் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பைப் பின்பற்றியது. ஆதலால் ழ, ள, ற, ன என்னும் நான்கும் இறுதியில் நிற்காமல், னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலுமாக இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு இதில் மனக்குறை உண்டு. எனினும் உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட எண்களை இனி மாற்றுவது அறிவுடைமை ஆகாது. நாம் எண்ணும் முறையைப் பொறிக்குச் சொல்லிக்கொடுத்தல் எளிது. அதற்கென்றே 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுதி இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு எண்ணினால் வணக்கத்தில் ஐந்தே எழுத்து.

இதனைக் கருதாமல் எழுதினால் நேர்வதையும் பேத்தி சோதித்துப் பார்த்தாள். சொல்லைப் பின்னிருந்து முன்னாகக் காட்டும் பயிற்சி ஒன்று பாடத்தில் உண்டு. வணக்கத்தைத் திருப்பியவுடன், ஈற்றில் இருந்த மகரம் தன் புள்ளியை இழந்து முன்னே வந்து நின்றது. அதன் புள்ளியோ சார எழுத்தில்லாமல் வட்டத்தின்மேல் தனியே தொங்கியது.

நான் 1974இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு பயின்று லோயர் தேறியவன். அந்தப் பொறியில் புள்ளி விசையைத் தட்டினால் வண்டி நகராது. ஆகவே முதலில் புள்ளி, பிறகு எழுத்து. 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கத்தில் 'பெயர்' என்று எழுதக் கொம்பை முதலில் தட்டினேன். கொம்பு ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒருங்குறியில் பகரம் முதலில், கொம்பு பிறகு. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையின் வேலை. அந்நாளைய பொறி கண்ணின் வழியில் எழுதியது; இது நாவின் வழியில் எழுதுகிறது. நாவின் வழி என்பதால்தான், எழுத்தறியாத என் பேத்திக்கு அது எளிதாயிற்று.

அவள் செய்த அடுத்த நிரலைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். நம் இல்லங்களில் எவரும் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்கலாம். க, ங, ச, ஞ முதலாகப் பதினெட்டு எழுத்துகளை ஒரு பட்டியலாக எழுதினாள். கால், கொக்கி, கொம்பு முதலிய உயிர்க்குறிகள் பதினொன்றை மற்றொரு பட்டியலாக்கி, அகரத்திற்குக் குறி இல்லாமையால் அதன் இடத்தில் வெறும் மேற்கோள் இரண்டை முதலில் வைத்தாள், ஆகப் பன்னிரண்டு. முதற்பட்டியலின் ஒவ்வோர் எழுத்தோடும் இரண்டாம் பட்டியலின் ஒவ்வொரு குறியையும் சேர்த்துக் காட்டுக என்பது ஆணை. 'பிரிண்ட்' கட்டளை ஒவ்வொரு முறையும் புதுவரிக்குத் தாவிவிடும் இயல்புடையது. வரியின் முடிவில் இடைவெளி மட்டும் போதும் என்று அதனிடம் சொல்லி வைக்க வேண்டும். ஏழெட்டு வரிகளில் நிரல் முடிந்தது. விசையை அழுத்தியதும், க, கா, கி, கீ என்று தொடங்கி 'னௌ' வரையில் 216 உயிர்மெய்களும் பதினெட்டு வரிசைகளாகத் திரையில் இறங்கின. நான் சிலேட்டில் எழுதி எழுதி அழித்த அரிச்சுவடி முழுதும் ஒரு கண் இமைப்பில்!

'இதை நானா எழுதினேன்?' என்றாள். எழுதியவள் அவள், அவற்றுள் ஒன்றையும் படிக்க அறியாதவளும் அவளே. தான் ஆக்கியதைத் தானே படிக்க இயலாமை அவளை உறுத்தியிருக்க வேண்டும். யான் ஒன்றும் சொல்லாமலே, மறுநாள் முதல் வரிசை வரிசையாகப் படிக்கத் தொடங்கினாள். குறி எதைச் செய்கிறது என்பதை நிரல் எழுதும்போதே அறிந்துவிட்டமையால் மனப்பாடச் சுமை குறைந்தது. மூன்று ஆண்டுகளாக நான் வாங்கி வைத்த அரிச்சுவடிப் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

கட்டளைச் சொற்களும் தமிழிலேயே இருத்தலாகாதா என்று அன்பர்கள் வினவலாம். முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில், 'பதிப்பி' என்று எழுதி மேற்கோளுக்குள் சொல்லை இட்டால் அது திரையில் தோன்றும். தொடங்குவோர்க்கு மிக இனியது. ஆயினும் பள்ளித் தேர்வுக்குப் பைத்தானே வேண்டும் என்பதால் நாங்கள் அதிலேயே நின்றோம். அதிலும் மேற்கோளுக்கு உள்ளே உள்ளது முழுதும் நம்முடையது. வெளியேயும், நாம் வைக்கும் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். தன் நிரலில் அவள் பட்டியல்களுக்கு 'மெய்' என்றும் 'குறி' என்றும் பெயரிட்டிருந்தாள்.

ஆனித் திங்களில் ஒருநாள், இலால்குடிக்கு ஒரு செய்தி எழுதப்போவதாகக் கூறி, எவரையும் அருகில் விடாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பிறகு அழைத்துக் காட்டினாள். திரையில் மூன்று வரிகள், பெரிய எழுத்தில்:

அத்தைப்பாட்டிக்கு வணக்கம்.
நலமாக இருக்கிறீர்களா?
நான் தமிழ் படிக்கிரேன்.

மூன்றாம் வரியில் ஒரு பிழை இருந்தது. கண்டேன், வாய் திறக்கவில்லை. திரையை அலைபேசியில் படம் எடுத்துத் தமக்கையாரின் மகனுக்கு அனுப்பினாள். அவர் தம் அன்னையாரிடம் காட்ட, அவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு இருமுறை படித்தார் என்று மட்டும் செய்தி வந்தது.

பத்து நாள் கழித்து ஓர் உள்நாட்டு அஞ்சல் வந்தது, பேத்தியின் பெயருக்கு. அவள் பெயருக்கு இவ்வீட்டில் வந்த முதற்கடிதம். நான் படித்துக் காட்டவா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எழுத்தின் கீழ் விரலை ஓட்டி, இடையிடையே மேசையில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து, கால்மணி நேரம் படித்தாள். தமக்கையாரின் கையெழுத்து சற்றே நடுங்கியிருந்தது. நலம் விசாரித்து முடித்தபின் எழுதியிருந்தார்: 'படிக்கிறேன் என்பதற்குப் பெரிய ற போட வேண்டும், கண்ணம்மா.'

பேத்தி மடிக்கணினியைத் திறந்தாள். அட்டவணையில் இடையின ரகரத்தின் எண் 2992. வல்லின றகரத்தின் எண் 2993. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை இட்டு, நிரலை மீண்டும் ஓட்டினாள்.